நூறு கேபிக்குள் ஒரு முகம்

"படம் நூறு கேபிக்குள்ள இருந்தாதான் ஏறுமாம். சின்னதாக்கிக் குடும்மா. ஆனா கலரு மட்டும் மாறக்கூடாது," என்றார் கோபால்சாமி.

மலைமேல் புதூர்நாட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் கல்பனாவுக்குச் சிரிப்பு வந்தது. படத்தில் இருந்தது அவருடைய மகள். வரன் பதிய வருகிறவர்கள் யாரும் இப்படிச் சொன்னதே இல்லை. "கொஞ்சம் செவப்பாக் காட்டும்மா" என்றுதான் கெஞ்சுவார்கள்.

"சின்னதாக்குனா கலரு மங்கும் மாமா. நான் சரி பண்ணிடறேன்," என்றவள், வழக்கம்போல முகத்தைப் பளிச்சென்று ஆக்கினாள். கண்களையும் வெள்ளையாக்கினாள்.

"பாருங்க. மாப்பிள்ளை வூட்ல உடனே சரின்னுடுவாங்க."

திரையைப் பார்த்த கோபால்சாமி பதறிப்போனார்.

"மாப்பிள்ளை வூடு இன்னாத்துக்கும்மா? இது வேலூரு டாக்டருக்கு. கண்ணுல மஞ்சள் தெரிஞ்சா இன்னைக்கே கூட்டியாரச் சொன்னாரு. இல்லன்னா வூட்லயே இருக்கச் சொன்னாரு."

கல்பனா மறுபடி திரையைப் பார்த்தாள். ஒரு நோயை இரண்டே நிமிடத்தில் அவள் காணாமல் அடித்திருந்தாள்.

செய்ததையெல்லாம் அழித்துவிட்டுப் பழைய படத்தை எடுத்தாள். இந்த முறை அளவை மட்டும் குறைத்தாள். கண்களில் மஞ்சள் அப்படியே இருந்தது.

"அனுப்பிட்டேன் மாமா," என்றவள் தன் செல்போனை எடுத்தாள். "நீங்க வூட்டுக்குப் போயி அவளைக் கெளப்புங்க. ஜீப்புக்கு நான் சொல்லிடறேன்."