ராணியின் முகம்

"உன் நிழல் ஐடியாவை என் பேர்ல அனுப்பிட்டேன்டி, நிரு."

ஜூடித் இதை டீ குடிக்கப் போகலாமா என்பது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஜன்னல் வெயிலில் அவள் நிழல் நிருபமாவின் மேசை முழுக்க விழுந்து கிடந்தது.

வரைந்துகொண்டிருந்த நிருபமாவின் கை அப்படியே நின்றது. அவர்கள் செய்யும் மாயலோக கார்ட்டூன் தொடரின் இந்த எபிசோடுக்காக, மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்து அவள் பிடித்த யோசனை அது. அந்த ராஜ்ஜியத்தில் பொய் சொல்பவர்களுக்கு நிழல் விழாது. வசனமே வேண்டாம், தரையைப் பார்த்தாலே கதை புரிந்துவிடும். எபிசோடுக்குச் சிறந்த காட்சி யோசனை தருபவருக்குத்தான் அடுத்த சீசனில் ஆர்ட் டைரக்டர் பதவி என்று தயாரிப்பாளர் சின்னப்பா வேறு சொல்லியிருந்தார்.

"ஏய், விளையாடாத."

"விளையாடல. காலையிலயே சின்னப்பா சாருக்கு மெயில் போயிடுச்சு."

"உன்னை நம்பித்தானேடி சாருக்கு அனுப்பச் சொல்லி ஃபைலைக் குடுத்தேன்!"

ஏழு வருடமாக ஒரே டிபன் பாக்ஸில் பங்கு போட்டுச் சாப்பிட்டவள். திட்ட வாயெடுத்த நிருபமாவின் முகம் சிவந்து, கண் நிறைந்தது. உதடு துடித்தது.

ஜூடித் மெல்லக் கையை உயர்த்தினாள். போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"ராணிக்கு ரெஃபரன்ஸ் கிடைச்சாச்சு!"

அந்த ஸ்டூடியோவில் எந்த முகபாவமானாலும் முதலில் தாங்களே நடித்து, போனில் எடுத்து, அதைப் பார்த்துத்தான் வரைவார்கள். உயிர்த்தோழியின் துரோகம் தெரியவரும்போது ராணியின் முகம் எப்படி மாறும் என்கிற ஷாட் நிருபமாவுடையது. அவளுக்கோ நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது. கோபப்படச் சொன்னால் தும்மல் வருகிற மாதிரி முகத்தை வைப்பாள். இயக்குநர் வெங்கி அந்த ஷாட்டை மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்.

"அடிப்பாவி! உயிரே போயிடுச்சுடி!" என்று நிருபமா அவள் முதுகில் ரெண்டு வைத்தாள்.

ஜூடித் சிரித்தாள். "முதல்ல வரை. வெள்ளிக்கிழமை குடுக்கணும்ல?"

நிருபமா வரைந்தாள். தனக்காக இவ்வளவு மெனக்கெடும் ஒருத்தி கிடைத்தாளே என்ற பூரிப்பில், ஒரே மூச்சில் வரைந்து முடித்தாள்.

அடுத்த மாதம், மல்லேஸ்வரத்திலிருக்கும் அதே ஸ்டூடியோவில் எபிசோடைப் போட்டுக் காட்டினார்கள். ராணியின் முகம் திரையில் வந்தபோது ஓர் இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை. படம் முடிந்ததும் சின்னப்பா கன்னடத்தில் பாராட்டிக்கொண்டே எழுந்துவிட்டார்.

"சக்கத்! அந்த நிழல் ஐடியா ஒண்ணு போதும்! அடுத்த சீசன் ஆர்ட் டைரக்டர் நம்ம ஜூடித்!"

எல்லோரும் கைதட்டினார்கள். நிருபமாவின் கைகள் மட்டும் மடியிலேயே கிடந்தன. சார் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார், இவள் திருத்துவாள் என்று காத்திருந்தாள். ஜூடித் எழுந்து, எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஜூடி..." நிருபமா அவள் பக்கம் குனிந்தாள். "அன்னைக்கு நீ ரெஃபரன்ஸுக்காக நடிச்சதுதானே?"

ஜூடித் அவள் பக்கம் திரும்பவில்லை.

"நடிச்சேன்னு நான் எப்பச் சொன்னேன்?"