இந்த எண் மாற்றப்பட்டுள்ளது

"நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை" என்று டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒலிப்பது அவள் பேசிப் பதிந்து கொடுத்த குரல். அம்மாவோடு சண்டை போட்டுத் தன் நம்பரை மாற்றியபோது, பழைய நம்பரிலும் அதுவே ஒலித்தது. புதியதை அவள் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

அம்மா போன வருடம் இறந்துபோனாள்.

"அக்கா, உங்க பழைய நம்பருக்கு தினம் காலையில ஒரு கால் வருது" என்றான் டெக்னீஷியன். "நீங்க பேசுறத முழுசா கேட்டுட்டு, 'சரிம்மா, வேலையப் பாரு'ன்னு வச்சிடறாங்க. உங்க ரசிகை போல!"

அவன் காட்டியது அம்மா வீட்டு நம்பர். ஊர் முழுக்க எல்லா நம்பர்களிலும் ஓர் இலக்கம் கூட்டுவதற்கு முன்பிருந்த நம்பர். அம்மா இறந்தபின் அந்த இணைப்பை அவளே எழுதிக் கொடுத்துத் துண்டித்திருந்தாள்.

"என் பழைய நம்பருக்கு மட்டும் வேற அறிவிப்பு போட முடியுமா?"

"பேசிக் குடுங்க, போட்டுடலாம்."

ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து, "இந்த எண் மாற்றப்பட்டுள்ளது" என்றாள். புதிய எண்ணை நிதானமாக, இரண்டு முறை சொன்னாள்.

மறுநாள் காலை பாத்திரம் கழுவும்போது கைபேசி அடித்தது. திரையில் தெரிந்த நம்பரில் ஓர் இலக்கம் குறைந்திருந்தது.

"எவ்வளவு நேரமா அடிக்குது, எடேன்" என்றான் கணவன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.