கால் நீட்டும் இடம்

பட்டறைக்குள் சாயும் வெயிலில் அலுமினியத் தகடு கண்ணைக் கூச வைக்கிறது. படகின் டீசல் தொட்டிக்கான அட்டை மாதிரியைத் தகட்டின் மேல் வைத்து, வெல்டர் பென்சிலால் கோடு இழுக்கிறார். அட்டையின் ஒரு மூலை மட்டும் சரிவாக இருக்கிறது. தொட்டியை ஒட்டித்தான் படகில் படுக்கை வருகிறது. அட்டையை அங்கே நிறுத்தி அளந்தபோது படுத்துப் பார்த்த அவருடைய தங்கை, கால் இடிக்கிறது என்று கத்தரிக்கோல் வாங்கித் தானே வெட்டிய மூலை அது. அவள் இறந்த பிறகு இன்றுதான் படகின் சொந்தக்காரனான அவள் கணவன் பட்டறைக்கு வந்திருக்கிறான். "மாப்பிள்ளை, இதை நேராக்கிடவா? இன்னும் கொஞ்சம் டீசல் பிடிக்கும்." அவன் அந்தச் சரிவை விரலால் தடவுகிறான். "வேணாம் மச்சான். கால் இடிச்சா என்னைத்தான் திட்டுவா." பென்சில் சரிவிலேயே மெதுவாக இறங்குகிறது. வெல்டர் தலையில் ஏற்றியிருந்த முகமூடியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொள்கிறார். பற்றவைக்க இன்னும் ஒரு துண்டுகூட வெட்டப்படவில்லை.