பத்து மணி ஊசி

ஏழாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிய பேனா அப்படியே நின்றுவிட்டது.

மருந்துத் தவறுகளைத் தடுப்பது எப்படி என்று தலைநகர் புக்கரெஸ்ட்டிலிருந்து வந்திருந்த கேள்வித்தாள் அது. நீங்கள் எப்போதாவது தவறான அளவு எழுதியதுண்டா? இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் மார்தட்டுகிறவர் டாக்டர் ஹொரியா ப்ருத்தியானு. தப்பெல்லாம் நர்ஸ்கள் கையில்தான் நடக்கிறது என்பது அவர் கட்சி.

காலையில் மூன்றாம் தொட்டில் குழந்தைக்கு என்ன எழுதினோம்?

0.05 மில்லி என்று எழுதவேண்டிய இடத்தில் 0.5. பத்து மடங்கு! நாற்பது நாள் குழந்தை. இதய மருந்து. உள்ளே போனால் அந்த இதயமே நின்றுவிடும்.

ஊசி பத்து மணிக்கு. இன்னும் நான்கு நிமிஷம்.

வார்டுக்குப் போன் அடித்தார். எடுப்பாரில்லை. லிஃப்ட் வருவதாயில்லை. ஐம்பத்தெட்டு வயது உடம்பைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஓடினார்.

மருந்து மேஜை முன்னால் வியோரிகா, இருபது வருஷமாக அவர் வார்டில் இருக்கிற நர்ஸ், சிவப்பு அங்கி போட்டு நின்றிருந்தாள். சிவப்பு அங்கியோடு மருந்து எடுக்கிறவளிடம் யாரும் பேசக் கூடாது, கவனம் சிதறும். சட்டம் போட்டவரே அவர்தான். போன மாதம் அதை மீறிய ஒரு பெண்ணை வார்டே கேட்க வறுத்தெடுத்திருந்தார்.

தொட்டிலருகே குழந்தையின் அம்மா. சுவரோரம் புதிதாகச் சேர்ந்த டாக்டர்கள் நாலைந்து பேர்.

இப்போது வாயைத் திறந்தால் இருபத்திரண்டு வருஷப் பெயரும் இத்தனை பேர் முன்னால் போயிற்று. தனியே கூப்பிட்டுச் சொல்லலாமா? ஐயோ, இந்த நேரத்திலும் இப்படித் தோன்றுகிறதே என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வியோரிகா ஊசியோடு தொட்டிலுக்கு நடந்தாள்.

“சிஸ்டர், நிறுத்துங்க! நான் எழுதினது தப்பு. பத்து மடங்கு எழுதிட்டேன்!”

வார்டே திரும்பிப் பார்த்தது. குழந்தையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வியோரிகா அவர் பக்கத்தில் வந்து ஊசிக் குழாயைக் காட்டினாள். அளவு சரியாக இருந்தது. 0.05. அவர் தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“டாக்டர், பார்மசில கேட்டு மாத்தித்தான் எடுத்திருக்கேன். நீங்க தப்பா எழுதற ஒவ்வொரு தடவையும் மாத்தித்தான் எடுக்கறேன். இன்னைக்குத்தான் நீங்க ஓடி வந்திருக்கீங்க.”