இரண்டாவது மோட்டார்

"முதல் மோட்டார் பழுதுன்னு கம்ப்யூட்டரே அதை ஒதுக்கிட்டு, ரெண்டாவதை ஓட்டுது. ஆபரேட்டர் நீ தூங்கிட்டிருந்தியா? உனக்கு இனிமே இங்க வேலை கிடையாது!" அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலையில், அத்தனை பேர் முன்னாலும் மேனேஜர் கத்தினார்.

ஆபரேட்டர் சாமிதுரை முதல் மோட்டாரைக் கைகாட்டினான். "மோட்டார் நல்லாத்தான் இருக்குங்க சார். அது ஓடுறதைப் பாக்குற சென்சார் கண்ணாடிதான் மறைஞ்சு கெடக்கு. வந்து பாருங்க."

கண்ணாடியில் நேற்றைய ஆயுத பூஜைச் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது.

"எந்த முட்டாள் பண்ணின வேலை இது? அவன் இன்னிக்கே வீட்டுக்குப் போகணும்!"

சாமிதுரை அவரை நேராகப் பார்த்தான்.

"முதல் பொட்டு வைக்கச் சொல்லி உங்ககிட்டதான சார் கிண்ணத்தைக் குடுத்தோம்? கண்ணாடியில வேண்டாங்கன்னு சொன்னேன். நெத்தி மாதிரி பளபளன்னு இருக்குன்னு அங்கயே அப்புனது நீங்கதான்!"