கிழக்கே விட்ட நிலம்

பால் இன்னும் பொங்கவில்லை.

கட்டாத வீட்டின் வாசலில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். வாசல் வரப்போகும் இடத்தில் செம்மஞ்சள் நாடா கட்டிய இரண்டு முளைகள். நடுவே ஒரு பலகை, பலகையில் காம்பிங் அடுப்பு, அடுப்பில் புதுப் பானை. குளிர் மைனஸ் பதினெட்டு. அடுப்புகூடத் தூக்கக் கலக்கத்தில் எரிவது போலத்தான் எரிந்தது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுத் தைப்பொங்கல் அது.

குணேஸ்வரி அக்கா கோலமும் போட்டிருந்தார். வெள்ளைப் பனியில் அரிசிமா தெரியாது என்று மஞ்சள்தூளில் போட்டார். பனி அதை மெல்லக் குடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒரே வெண்மை. எங்கே நிலம் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. நான் இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறேனோ, இதெல்லாம் விடியற்காலைக் கனவோ என்றுகூட நினைத்தேன்.

அக்கா மொன்றியல் நகரத்துப் பார்க் எக்ஸ்டென்ஷனில் பதினான்கு வருடம் பேஸ்மென்ட் வீட்டில் இருந்தவர். அந்த ஜன்னலால் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் சப்பாத்து தெரியும். வேறொன்றும் தெரியாது. பதினான்கு பொங்கலையும் கலண்டரில் இருந்த சூரியனுக்குத்தான் படைத்தாராம்.

அதனால்தான் ஆற்றைத் தாண்டி, லொங்குய் நகரையும் தாண்டி, இந்தப் புதுக் குடியிருப்பில் இந்தக் காணியைப் பிடித்தார். கிழக்கு வாசல். வாசலுக்கு நேரே ஒரு வீடும் இல்லாத நீளமான வெளி. வரைபடத்தில் அதைக் கண்டதும், இனி வேறு காணி பார்க்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

அந்த வெளியை விட்டவன் நான். நகரசபையில் குடியிருப்புகளுக்குப் படம் கீறுகிற ஒரே தமிழன்.

இங்கே காணி வாங்கினால் மேல்மண்தான் உங்களுடையது. அடியில் கிடப்பதற்கு உரிமைக்காரர் வேறு. இந்த மண்ணுக்கடியில் எரிவாயு இருக்கலாம் என்று ஒரு கம்பனி உரிமை எடுத்து வைத்திருந்தது. நாளைக்கு அவர்கள் துளை போட வந்தால் லொறி போக வழி வேண்டுமே. வீடுகளை இடித்துக்கொண்டா போவது? எட்டு வீட்டளவு நிலத்தை நான் வெறுமையாக விட்டதற்குக் காரணம் அதுதான்.

அக்காவுக்கு இந்த விஷயம் கையெழுத்து வைத்த பிறகே தெரியவந்தது. அன்றிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை.

மூன்றாவது ஆள் இரவிச்சந்திரன், வீடு விற்கிறவர். என்னைப் பொங்கலுக்கு அழைத்தவரும் அவர்தான். மனிதர் சும்மா அழைப்பாரா? அன்று பின்னேரம் சபைக் கூட்டம். அந்த வழி தேவையில்லை என்று ஆகிவிட்டால் அங்கே இன்னும் எட்டு வீடு எழும்பும். அக்காவின் வாசலுக்கு முன்னால் எட்டுச் சுவர். இது அக்காவுக்கும் தெரியும். லொறிக்கும் பயம், சுவருக்கும் பயம்.

"கீழ ஒண்டும் இல்லையாம் எண்டெல்லோ கதைக்கினம், தம்பி?" என்று இரவிச்சந்திரன் என் முகத்தையே பார்த்தார்.

நான் பானையைப் பார்த்தேன்.

அப்போதுதான் வெளிச்சம் வந்தது. வெறும் வெளியின் மறு கரையில் தொடங்கி, பனிமேல் மெதுவாக நடந்து, முளைகளைத் தொட்டு, அக்காவின் முகத்தில் ஏறியது. பாலும் அந்த நேரம் பார்த்துப் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. அக்கா கையுறையைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான முகத்தை நான் மொன்றியலில் கண்டதில்லை.

கும்பிட்ட கையோடு என்னிடம் திரும்பினார்.

"லொறி ஒண்டும் வராது எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ தம்பி. நான் பயமில்லாம வீட்டைக் கட்டுவன்."

இரவிச்சந்திரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வருவினம் அக்கா," என்றேன். "எப்ப எண்டுதான் தெரியாது."

"நல்ல நாளும் அதுவுமா ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னால் வாயில இருக்கிற முத்து உதிர்ந்திடுமோ?" என்று சீறினார் இரவிச்சந்திரன். கோபம் அக்காவுக்காக இல்லை என்பது எனக்குத் தெரியாதா?

அக்கா சூரியன் பக்கம் திரும்பி, யாரோ பறித்துக்கொண்டு போவதற்குள் பார்த்து முடித்துவிட வேண்டும் என்பது போலப் பார்த்தார். கிட்டப் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. போகவில்லை.

கம்பனியின் கடிதம் கார்த்திகையிலேயே வந்துவிட்டது. மூன்று இடத்தில் துளைத்துப் பார்த்தார்களாம். களிமண்ணும் தண்ணீரும்தானாம். உரிமையைக் கைவிடுகிறார்களாம். கடிதம் நேரே என் மேசைக்குத்தான் வந்தது. இன்னும் ஒருவருக்கும் காட்டவில்லை. பிடிபட்டால் வேலை போகும், போகட்டும். லொறி வரும் என்று எல்லோரும் நம்பும் வரைக்கும்தான் அந்த நிலத்தில் ஒருவரும் கல் வைக்க முடியாது.

அக்காவிடம் மட்டும் தனியாகச் சொல்லலாம்தான். ஆனால் அவருக்குச் சந்தோசத்தை ஒளித்துவைக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை கோயிலில் முகத்தைப் பார்த்தே நாலு பேர் கேட்டுவிடுவார்கள்.

ஆகவே அடுத்த தைக்கும் கேட்பார். அதற்கடுத்த தைக்கும் கேட்பார். நானும் அவருடைய கண்ணைப் பார்த்து, வருவினம் அக்கா என்றுதான் சொல்ல வேண்டும்.