கிழிந்த வலது கை

"இது ஏழாவது சட்டை."

தையல் மிஷினை நிறுத்திவிட்டு அம்மா அந்தக் கெட்டியான வெள்ளைச் சட்டையை உதறிப் பிடித்தாள். வலது கை தோளோடு சேரும் இடத்தில் தையல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"இது யாரோடது?"

"கூட ஜூடோ பழகுற பொண்ணோடதும்மா."

"போன வாரம் கொண்டு வந்தது?"

"அது வேற பொண்ணு."

"ஏழு சட்டை, ஏழு பொண்ணுங்க. எல்லாத்துலயும் வலது கைதான் கிழிஞ்சிருக்கு. யாருடி இழுத்தது?"

மகள் சுவரைப் பார்த்தாள். "நான்தான்."

இருபது வருஷமாக ஊரார் துணியைத் தைப்பவள் அம்மா. கிழிசலைப் பார்த்தாலே அது ஆணியில் மாட்டியதா, கதவில் சிக்கியதா என்று சொல்லிவிடுவாள். இது ஆத்திரத்தில் பிடித்து இழுத்த கிழிசல். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பள்ளிக்கூடத்தில் கேரம் தவிர எதையும் தொடாத பெண். காலேஜுக்குப் போன கையோடு ஜூடோவில் சேர்ந்துவிட்டாள். ஆளைப் பிடித்துத் தூக்கித் தரையில் போடும் விளையாட்டு. முதல் மூன்று மாதம் இவள்தான் விழுந்துகொண்டிருந்தாள். கன்றிப்போன முழங்கைக்கு அம்மா ஐஸ் வைத்தாள், கடவுளிடம் முறையிட்டாள். இப்போது விழுவது மற்றவர்கள். அதுதான் அம்மாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. யார் பெற்ற பிள்ளையோ!

"கிழியுதுன்னு தெரிஞ்சா விட வேண்டியதுதானே?"

"விடக் கூடாதும்மா. அதுதானே..."

"போதும். உன்கிட்ட யாரும் விளக்கம் கேக்கல."

மிஷின் மேல் ஒரு படிவம் இருந்தது. நாளைய போட்டியில் ஜெயித்தால் பல்கலைக்கழக அணியில் இடம். ஆனால் பெற்றவர் கையெழுத்துப் போட்டு, போட்டி முடிந்த உடனே கொடுத்தாக வேண்டும்.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள் அம்மா. "கண்ணால பார்த்துட்டுத்தான் கையெழுத்து. பிடிக்கலைன்னா போட மாட்டேன்."

"போயிட்டு வாம்மா" என்றான் அண்ணன் உள்ளேயிருந்து. "நம்ம ஒட்டடைக்குச்சி சண்டை போடுறதைக் காசு குடுத்தே பார்க்கலாம்."

"உன்னைத் தூக்கிப் போடவாடா?"

"ஐயோ தாயே, எனக்கு வேலை இருக்கு!"

மறுநாள் அரங்கத்தில் மூன்றாவது வரிசை. படிவம் கைப்பையில், கைப்பை மடியில். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

'கடவுளே, இவ தோத்துடட்டும். அடிபடாமத் தோக்கட்டும். தோத்தா தானா விட்டுடுவா.'

எதிரே வந்தவள் போன வருஷம் ஜெயித்தவள். கழுத்தும் தோளும் தூண் மாதிரி. வந்த வேகத்தில் மகளை இழுத்து முழங்காலில் உட்கார வைத்தாள். தோற்கட்டும் என்று வேண்டிக்கொண்ட அம்மாவின் வாயே, "எழுந்திருடி!" என்று கத்திவிட்டது.

மகள் எழுந்தாள். மறுபடி பிடித்தார்கள். தள்ளினார்கள், இழுத்தார்கள், சுற்றினார்கள். சட்டென்று மகள் முதுகைத் திருப்பிக் குனிந்தாள்.

தொம்!

தூண் மல்லாந்து கிடந்தது. நடுவர் தன் கையை உயரத் தூக்கி ஆட்டத்தை முடித்துவிட்டார்.

"ஒட்டடைக்குச்சி! ஒட்டடைக்குச்சி!" காலேஜ் பெண்கள் மகளின் பட்டப்பெயரைக் கத்திக்கொண்டே பெஞ்சு மேல் ஏறிக் குதித்தார்கள். அம்மாவும் எழுந்து நின்று, கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அப்புறம்தான் கவனித்தாள்.

விழுந்தவளின் வலது கையை, சட்டையோடு சேர்த்துப் பிடித்ததை, மகள் இன்னும் விடவில்லை. இரண்டு கையாலும் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். தோளோரம் தையல் விட்டு நூல் தொங்கியது.

அம்மாவின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. ஜெயித்தாயிற்றே, கீழே கிடக்கிறவளை இன்னும் என்ன இழுப்பு? இந்தக் குணத்துக்கா நான் கையெழுத்துப் போட வேண்டும்?

நேரே இறங்கிப் போனாள். தோற்ற பெண் ஓரமாக உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதும் பையிலேயே இருக்கும் ஊசி நூலை எடுத்தாள்.

"அந்தச் சட்டையைக் குடும்மா, தைச்சுத் தர்றேன். என் பொண்ணுதான் கிழிச்சா. மனசுல வெச்சுக்காதே தங்கம். விழுந்தவங்களை விடணும்னுகூட அவளுக்குத் தெரியல."

அந்தப் பெண் அழுகையை மறந்து நிமிர்ந்தாள்.

"ஐயோ ஆன்ட்டி, விட்டிருந்தா என் பின்மண்டைதான் தரையில மோதியிருக்கும்! கையை அப்படி மேல இழுத்துப் பிடிச்சாத்தான் விழறவங்க தலை தரையில படாது."

ஊசி பாதியில் நின்றது. "அப்போ எல்லாருமே அப்படிப் பிடிப்பீங்களா?"

"பிடிக்கணும். ஜெயிச்ச சந்தோஷத்துல பாதிப் பேர் விட்டுடுவாங்க. போன வருஷம் நானே விட்டுட்டேன், பாவம் அந்தப் பொண்ணு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க காலேஜ்ல புதுசா சேர்றவங்க எல்லாம் உங்க பொண்ணுகிட்டதான் முதல்ல விழப் பழகுவோம்னு அடம் பிடிக்கிறாங்களாமே? இவ விட மாட்டான்னு அவ்வளவு நம்பிக்கை."

ஏழு சட்டை. ஏழு தலை.

கிழிசலைப் பார்த்துக் காரணம் சொன்னதில் இருபது வருஷத்தில் இதுதான் முதல் தப்பு. அம்மா தலையைக் குனிந்துகொண்டு, அந்தத் தோளில் வழக்கத்துக்கு இரண்டு மடங்கு தையல் போட்டாள்.

மகள் பதக்கத்தோடு வந்து தயங்கி நின்றாள்.

"அம்மா... அந்தப் படிவம்..."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மடியில் இருந்த சட்டை மேலேயே படிவத்தை விரித்து, அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"எத்தனை சட்டை வேணும்னாலும் கிழியட்டும்டி, நான் தைச்சுக்குறேன். நீ பிடிச்ச கையை மட்டும் விட்டுடாதே!"